பித்தப்பை அகற்றல்: திறந்த அறுவை சிகிச்சையா, லேப்ராஸ்கோப்பியா?

பித்தப்பையைத் திறந்த முறையில் அகற்ற, வலது விலாவுக்குக் கீழே சுமார் 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்குத் தசையையும் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கும். 1985-இல் ஜெர்மனியின் அறுவை மருத்துவர் எரிக் மியூஹே பித்தப்பை அகற்றலுக்கு முதன்முதலில் செய்துகாட்டிய லேப்ராஸ்கோப்பி முறையிலோ, வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடு வாயுவால் உப்பவைத்து, 5 முதல் 10 மி.மீ. அளவுள்ள மூன்று நான்கு துளைகள் வழியாகவே கேமராவும் கருவிகளும் உள்ளே செல்கின்றன. இதனால் வலி குறைவு. பெரும்பாலோர் ஓரிரு நாளிலேயே வீடு திரும்பலாம். உள்ளே தங்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் தோள்பட்டை சில நாள் வலிப்பதுண்டு, அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் பித்தநாளம் காயப்படும் அபாயம் லேப்ராஸ்கோப்பியில் சற்றே கூடுதல் என்பதை மறைக்கக் கூடாது. கடும் அழற்சியால் உறுப்புகள் ஒட்டிக்கொண்டு நாளம் தெளிவாகத் தெரியாதபோது, நடுவிலேயே திறந்த முறைக்கு மாறுவதுதான் பொறுப்பான முடிவு. அந்த வாய்ப்பை நோயாளியிடம் முன்பே விளக்கி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும்.