தொடையில் தழும்பு, கையில் பொய்த் தாள்: மயக்க மருந்துப் பரிசோதனை என்று ஏமாற்றினார்கள்

லண்டனில் இருக்கும் என் அண்ணாவுக்குச் சத்திரசிகிச்சை தொடங்கிச் சிறிது நேரத்தில் தாடை இறுகி, உடல் விறைத்து, சூடு மளமளவென்று ஏறியது. டான்ட்ரோலீன் மருந்தை உடனே ஏற்றியதால் பிழைத்தார். பின்னர் லீட்ஸ் நகரில் தொடைத் தசையை எடுத்துச் சோதித்து, மயக்க வாயுக்கள் அவருக்கு ஆகாது, 'மாலிக்னன்ட் ஹைப்பர்தேர்மியா' எனப்படும் இது பரம்பரையில் வருவது என்று உறுதிசெய்தார்கள். கூடப்பிறந்த எங்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

எனக்குப் பித்தப்பையில் கல். பயந்துபோய் விசாரித்தபோது, யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆய்வுகூடம், "தசையை இங்கேயே எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவோம்" என்றது. 85,000 ரூபாய் கட்டினேன். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் வாரம் தொடையைக் கீறினார்கள். தேர் முடிந்த மறுவாரம் 'ஆபத்து இல்லை' என்று ஒரு தாள் தந்தார்கள். அம்மா அன்றே கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தார்.

மயக்கமருந்து வைத்திய நிபுணர் அந்தத் தாளை இரண்டு முறை வாசித்தார்.

"தம்பி, இதில் இருப்பது இரத்தத்தில் சீ.கே. என்ற தசை நொதியின் அளவு மட்டும்தான். இது சரியாக இருப்பவர்களுக்கும் அந்த ஆபத்து வரும். இதை நம்பி நான் வாயு கொடுத்திருந்தால்?"

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. எனக்குக் கை நடுங்கியது.

உண்மையான சோதனையில், உயிர்ப்போடு இருக்கும் தசைத் துண்டுகளில் ஹலோதேன் என்ற மயக்க வாயுவையும் கஃபீனையும் தனித்தனியே செலுத்தி, அவை எவ்வளவு சுருங்குகின்றன என்று அளப்பார்களாம். வெட்டியெடுத்த 5 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதனால் நோயாளிதான் அந்த நிலையத்துக்குப் போக வேண்டும். இங்கிருந்து பஸ்ஸில் கொழும்புக்குப் போகவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும். கடல் கடந்து எந்தத் தசை உயிரோடு போய்ச் சேரும்? இந்த ஆபத்தோடு தொடர்புள்ள ஆர்.வை.ஆர்.1 மரபணுவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை வேறு. அதிலும் மாற்றம் தெரியவில்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது.

என் தசை எங்கே என்று ஆய்வுகூடத்தில் கேட்டேன். பதில் இல்லை. பற்றுச்சீட்டில் 'விசேட பரிசோதனை' என்று மட்டும் எழுதியிருக்கிறது. பணமும் திரும்பவில்லை.

அண்ணாவின் கதையைக் கேட்ட நிபுணர், எந்தத் தாளும் இல்லாமலே, எனக்கும் அந்த ஆபத்து இருப்பதாகவே வைத்துக்கொண்டார். மயக்க வாயுக்களையும் தசையைத் தளர்த்தும் சக்சமெத்தோனியம் என்ற மருந்தையும் தவிர்த்து, நரம்பில் ஏற்றும் புரொபோஃபோல் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தார். கல் வெளியே வந்துவிட்டது. உங்கள் குடும்பத்தில் யாராவது மயக்க மருந்தின்போது இப்படித் துன்பப்பட்டிருந்தால், பல் பிடுங்கப் போனாலும் முதலில் அதைச் சொல்லுங்கள்.

அந்தப் பொய்த் தாளைப் படமெடுத்து வவுனியாவில் இருக்கும் தங்கைக்கும் அனுப்பியிருந்தேன். அதை அழித்துவிடும்படி நேற்றிரவு அவளை அழைத்துச் சொன்னேன்.