டெல்லி–சென்னை விமானம்: டிக்கெட்டில் மூன்று மணி, வீடு போய்ச் சேர ஏழரை

டெல்லியிலிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் சுமார் 1,760 கி.மீ. டிக்கெட்டில் போட்டிருப்பது 2 மணி 45 நிமிடம் முதல் 3 மணி வரை. பறப்பது ஏறக்குறைய இரண்டரை மணிதான். மீதி ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் காத்து நிற்பதும். பாதை வடக்கு தெற்காக இருப்பதால் குளிர்காலத்து ஜெட் காற்று பக்கவாட்டில்தான் படும். அதனால் போகவும் வரவும் கிட்டத்தட்ட ஒரே நேரம். இதுவரை குறை சொல்ல எதுவுமில்லை.

நேரம் போவதெல்லாம் தரையில்தான். அதிலும் டெர்மினல் குழப்பம் பெரிய தலைவலி. ஒரே கம்பெனியின் சென்னை விமானங்கள்கூட ஒன்று டி1, இன்னொன்று டி3 என்று பிரிந்து கிளம்பும். இரண்டுக்கும் நடுவே சாலையில் போக இருபது நிமிடம், மாலை நெரிசலில் அரை மணிக்கு மேல். செக்-இன் கவுன்ட்டர் 60 நிமிடம் முன்பே மூடிவிடும், கேட் 25 நிமிடம் முன்பு. டெர்மினல் மாறி இறங்கினால் விமானம் போன மாதிரிதான். கிளம்பும் அன்று இன்னொரு முறை டிக்கெட்டைப் பார்த்துவிடுங்கள்.

முனீர்க்கா, ஆர்.கே. புரம் தமிழர்களுக்கு டி1 வசதி: மெட்ரோவின் மெஜந்தா லைனில் முனீர்க்காவிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன். கரோல் பாக்காரர்களுக்கு டி3: ராஜீவ் சௌக் வழியாகப் புது டெல்லி, அங்கிருந்து ஏர்போர்ட் எக்ஸ்பிரஸில் இருபது நிமிடம். மயூர் விஹார் ஃபேஸ் 1-இலிருந்து டி3 போக, பெட்டியோடு இரண்டு இடத்தில் மாற வேண்டாம் என்றால் பிங்க் லைனில் சவுத் கேம்பஸ் வந்து, நகரும் நடைபாதையில் தௌலா குவான் போய் ஏறலாம்.

டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை, டெல்லி மூடுபனியில், அதிகாலை விமானம் வேண்டவே வேண்டாம். தகுதியுள்ள விமானமும் விமானியும் இருந்தால் 50 மீட்டர் பார்வைத் தூரத்தில்கூட இங்கே இறங்கலாம். ஆனால் கிளம்புவதற்கு 125 மீட்டராவது வேண்டும். இறங்கியவை வரிசைகட்டி நிற்கும். பகல் பதினொன்றுக்கு மேல் போடுங்கள்.

சென்னையில் இறங்கியதும் தேனாம்பேட்டை, சென்ட்ரல் பக்கம் மெட்ரோ. தாம்பரம் பக்கம் என்றால் எதிரே திரிசூலத்தில் மின்சார ரயில். ஆக, வீட்டிலிருந்து ஒரு மணி, ஏர்போர்ட்டில் இரண்டு, விமானம் மூன்று, பெட்டிக்கு அரை, சென்னைக்குள் ஒன்று.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கு 2,182 கி.மீ., சுமார் 33 மணி. வீடு மாற்றிப் போகிறவர்களுக்கு, சாமான் அதிகம் உள்ளவர்களுக்கு இன்றும் அதுதான் சரி: 3ஏசியில் 40 கிலோ இலவசம். விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்கு 15 கிலோ, கையில் 7.

ஊரிலிருந்து திரும்பும்போது சாம்பார்ப்பொடி, ஊறுகாய், நல்லெண்ணெய் எல்லாம் செக்-இன் பெட்டியிலேயே போகட்டும். கொப்பரையை மட்டும் எதிலும் வைக்காதீர்கள். எண்ணெய்ச்சத்து அதிகம், எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் தடை. ஸ்கேனரில் தெரிந்தால் பெட்டியைத் திறந்து எடுக்கச் சொல்வார்கள், கேட் மூடுகிற நேரமும் நெருங்கிவிடும். பச்சைத் தேங்காய் செக்-இன் பெட்டியில் போகும்.