685 டாலர் போயிற்று: பாஸ் மீன்பிடிப் போட்டிக்கு முதன்முறை செல்வோர் கவனத்திற்கு

கோபம் ஆறுவதற்கு முன்பே இதை எழுதிவிடுகிறேன். ஆறினால் பாதியை விழுங்கிவிடுவேன். கிழக்கு டெக்சாஸின் சாம் ரேபர்ன் ஏரியில் நடந்த ஒரு பாஸ் (bass என்னும் நன்னீர் மீன்) மீன்பிடிப் போட்டியில் கோ-ஆங்லராக, அதாவது அடுத்தவர் படகில் ஏறி மீன்பிடிக்கும் போட்டியாளராக, கலந்துகொள்ள, "முதல்முறைப் போட்டியாளருக்கான முழுத் தயாரிப்பு" என்று இணையத்தில் விற்கப்பட்ட ஒரு தொகுப்புக்கு 685 டாலர் கட்டினேன். நுழைவுக் கட்டணம், உறுப்பினர் சந்தா, ஏரியில் ஒரு நாள் பயிற்சி, இரண்டு தூண்டில் கோல்கள் ஆகிய அனைத்தும் அதில் அடக்கம் என்றார்கள். போட்டிக்கு முந்தைய மாலை பதிவு மேசையில் என் பெயரே இல்லை. பயிற்சியும் நடக்கவில்லை, கோல்களும் வரவில்லை. விற்றவரின் பெயரையோ தளத்தின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. மீன்பிடிச் சாமான்கள் கைமாறும் ஒரு விற்பனைத் தளம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஹூஸ்டன், டாலஸ் பக்கம் இருக்கும் நம்மவர்களில் இந்த ஆசை உள்ளவர்கள் சிலரை அறிவேன் என்பதால் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு படகில் இரண்டு போட்டியாளர்கள். படகுக்குச் சொந்தக்காரர் முன்தளத்தில் நின்று, மின்மோட்டாரை இயக்கி, எங்கே போவது என்பதைத் தீர்மானிப்பார். கோ-ஆங்லர் பின்தளத்தில் நின்று தூண்டில் வீசுவார். யாருக்கு யார் ஜோடி என்பது குலுக்கலில் தெரியும்; கோ-ஆங்லர்களுக்குப் பரிசும் தனி. புதிய பாஸ் படகின் விலை எழுபதாயிரம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும் நாட்டில், படகில்லாதவன் போட்டிக்குள் நுழைய இதைவிட மலிவான வழி இல்லை. அந்த வாசலில்தான் எனக்குத் தொகுப்பு விற்றவர் கடை விரித்திருந்தார்.

நான் எந்த இடத்தில் நம்பினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்களும் அங்கேதான் நம்புவீர்கள். விளம்பரத்தைப் பார்த்து அழைத்தபோது அவர் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. படகில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றித்தான் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். ஐந்தாறு கோல்களுக்கு மேல் கொண்டுபோகாதே, அவற்றையும் உறை மாட்டி ஒன்றாகக் கட்டு, சாமான் அனைத்தும் ஒரே பைக்குள் அடங்கட்டும், அது அடுத்தவன் படகு என்றார். பெட்ரோலுக்கான பங்கைப் படகுக்காரர் கேட்கும்வரை காத்திராமல் காலையில் படகு தண்ணீரில் இறங்கும் முன்பே கையில் கொடுத்துவிடு என்றார். ட்ரெயிலரைப் பின்னோக்கி ஓட்டக் கற்றுக்கொண்டு போ, இருட்டில் இறங்குதுறையில் நிற்கும் படகுக்காரருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது என்றார். படகின் நடுப்பகுதியைத் தாண்டி முன்பக்கம் வீசாதே. அவருக்கு மீன் மாட்டினால் உன் கோலைக் கீழே வைத்துவிட்டு வலையை எடு, ஆனால் அவர் சொல்லும்வரை வலையை நீட்டாதே. அவர் காட்டும் இடங்களை உன் கைப்பேசியில் குறித்து வைக்காதே, பிறகு அங்கே திரும்பிப் போகவும் போகாதே என்றார். பெரிய எஞ்சின் ஓடும்போது லைஃப் ஜாக்கெட்டின் கொக்கி மாட்டியிருக்க வேண்டும் என்பதையும், எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை ஓட்டுநர் அணிவது 2021 ஏப்ரல் முதல் 26 அடிக்குக் குறைவான படகுகளுக்குக் கூட்டரசுச் சட்டமாகவே ஆகிவிட்டது என்பதையும் விளக்கினார். கடைசியாக, மறந்தும் வாழைப்பழம் கொண்டுபோய்விடாதே, படகில் அது அபசகுனம் என்று சிரித்தார். தாம்பூலத்தட்டில் வாழைப்பழம் வைக்காமல் எந்தக் காரியத்தையும் தொடங்காத வீட்டில் பிறந்த எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான் பேரம் முடிந்தது.

அவர் சொன்ன மரியாதைகளில் ஒன்றுகூடப் பொய்யில்லை. பிறகு அனுபவமுள்ள படகுக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தேன். எல்லாமே சரி என்றார்கள், வாழைப்பழம் உட்பட. என் வயிற்றெரிச்சலுக்கு அதுவே பெரிய காரணம். தொழில் தெரியாதவன் ஏமாற்றினால் எங்காவது உளறி மாட்டிக்கொள்வான். இவர் ஏரியை அறிந்தவர். கோ-ஆங்லர்களின் எண்ணிக்கை படகுக்காரர்களின் எண்ணிக்கையைத் தாண்ட முடியாது, மிஞ்சினால் காத்திருப்புப் பட்டியல்தான் என்பது உண்மை. அந்த உண்மையின் முதுகில் ஏற்றித்தான், "என்னிடம் தனி ஒதுக்கீடு இருக்கிறது" என்ற பொய்யை அனுப்பினார். கடன் அட்டைக்குக் கமிஷன் போகும் என்று சொல்லி, தெரிந்தவர்களுக்குள் பணம் அனுப்பும் செயலி வழியாக 685 டாலரையும் ஒரே தவணையில் வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு தொடங்கிய சாக்குகளைக் கேளுங்கள். பதிவு ரசீது கேட்டேன். கடைசி வாரத்தில்தான் அமைப்பாளர்கள் அனுப்புவார்கள் என்றார். உறுப்பினர் எண் கேட்டேன், உருவாகிக்கொண்டிருக்கிறது என்றார். பயிற்சி நாளுக்கு முதலில் காற்று தடை, பிறகு ஏரியின் நீர்மட்டம், அதன் பிறகு எஞ்சின் பழுது. கோல்கள் அனுப்பியாகிவிட்டது என்று ஒரு பார்சல் எண் கொடுத்தார். அது இன்றுவரை கிளம்பிய இடத்தை விட்டு நகரவில்லை. பதிவு மேசையிலிருந்த பெண்மணி அன்பாகவே பேசினார்: "எங்களுக்கு முகவர் என்று யாரும் கிடையாது. இப்போது சேர்க்கலாம் என்றாலும் ஜோடி சேர்க்கப் படகுக்காரர் மிச்சமில்லை." அங்கிருந்தே விற்றவரை அழைத்தேன். அமைப்பாளர்களின் பிழையாக இருக்கும், அவர்களிடமே கேளுங்கள் என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நுழைவுக் கட்டணம் திருப்பித் தரப்படாது என்பது போட்டி விதி என்று எனக்கே விதி படித்துக் காட்டினார். கட்டாத கட்டணத்துக்கு என்ன விதி? அடுத்த பருவத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றார் பிறகு. அதற்கும் பிறகு என் செய்திகள் எல்லாம் கிணற்றில் போட்ட கல்.

விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்தேன். பணம் எங்கள் தளத்துக்கு வெளியே கைமாறியது, எங்களுக்குப் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. பணம் அனுப்பும் செயலியிலோ, நீங்களே ஒப்புதல் அளித்து அனுப்பிய தொகை என்று இரண்டு வரி. காவல் தரப்பில், இது கொடுக்கல் வாங்கல் தகராறு, சிவில் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றார்கள். 2022-இல் ஈரி ஏரிப் போட்டியில் மீன் வயிற்றுக்குள் ஈயக்குண்டு திணித்து எடை கூட்டியவர்கள் மேடையிலேயே பிடிபட்டு, வழக்காகி, சிறைக்கும் போனார்கள். டெக்சாஸிலும் போட்டியில் மோசடி செய்வது தனிக்குற்றம். பரிசு பத்தாயிரம் டாலரை எட்டினால் அது பெருங்குற்றமாகிவிடும். மீனின் வயிற்றைக் கிழித்துப் பார்க்கிறார்கள், புதிதாக வருபவனின் 685 டாலர் யார் வயிற்றுக்குள் போனது என்று பார்க்க ஆளில்லை.

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. பல போட்டிகளில், குறித்த நாளுக்குப் பிறகு கூலிக்கு வழிகாட்டி வைத்து அதே ஏரியில் மீன்பிடிப்பதும் தகவல் வாங்குவதும் விதிமீறல். அவர் விற்ற பயிற்சி நாள் ஒருவேளை நடந்திருந்தால், நான் தகுதி இழந்திருக்கவும் கூடும்.

முதல்முறை போகிறவர்களுக்கு விரிவான வழிகாட்டி ஒன்று எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போதைக்கு மனம் ஒன்றவில்லை, அவசரத்துக்குச் சில வரிகள் மட்டும். நுழைவுக் கட்டணத்தை அமைப்பாளரின் சொந்தப் பக்கத்தில், கடன் அட்டையில் கட்டுங்கள். ரசீது அன்றைக்கே வர வேண்டும். வராவிட்டால் அமைப்பாளரின் அலுவலகத்தை அழையுங்கள், இடையில் இருப்பவரை அல்ல. "ஒதுக்கீடு" என்ற சொல் காதில் விழுந்தால் தொலைபேசியை வைத்துவிடுங்கள். பயிற்சி நாளுக்குப் பணம் கொடுக்கும் முன் விதிப்புத்தகத்தைப் படியுங்கள். கோல்களைத் தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கலாம். டெக்சாஸின் ஆண்டு மீன்பிடி உரிமம் பெரும்பாலும் ஆகஸ்ட் 31-உடன் முடிந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே விளம்பரம் இன்று காலை வேறு பெயரில் மறுபடியும் வந்திருக்கிறது: அதே சிவப்புப் படகின் படம், அதே வாசகங்கள், விலை மட்டும் 725 டாலர். கண்ணில் பட்டால் புகார் பொத்தானை அழுத்துங்கள். பணம் கட்டிவிட்டவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து வழக்குப் போடலாம்.