பாட்டு ஆப்புக்கு 1,499 ரூபாய் கட்டப் போறவங்க கவனத்துக்கு

வயிறு எரியுது, அதான் சூட்டோட சூடா எழுதுறேன். ஆப் பேரைப் போட மாட்டேன், வக்கீல் நோட்டீஸ் வேற வந்து தொலையும். விளம்பரம் இல்லாம, வருஷத்துக்கு ஒரே தடவை கட்டுற ரகம். எதையெல்லாம் பார்த்து பாட்டு ஆப் எடுக்கணும்னு கடைசியில சுருக்கமா சொல்றேன்.

ஓசி ஆப்ல நாம கேக்குறதையெல்லாம் குறிச்சு வெச்சு விளம்பரம் காட்டுறான்னுதான் காசு கட்டுற பக்கமே போனேன். இவனோட முதல் பக்கத்துலயே பச்சைப் பூட்டுப் படம். கீழே 'நீங்கள் கேட்பது உங்களுக்கு மட்டுமே தெரியும்'னு ஒரு எழுத்துப்பிழை கூட இல்லாத தமிழ். யூபிஐ-ல 1,499 ரூபாய் போச்சு.

ஒரு நாள் காலையில சித்தப்பா போன். "ஏம்மா, ராத்திரி 2 மணிக்கு ஒரே சோகப் பாட்டைத் திருப்பித் திருப்பிக் கேட்டுட்டு இருந்தியே, மாப்பிள்ளையோட ஏதாவது சண்டையா?"

தூக்கிவாரிப் போட்டுச்சு. தோழிக்கு ஒரு பாட்டு அனுப்பப் போனப்ப காண்டாக்ட்ஸ் அனுமதி கேட்டான்ல, அதை வெச்சு என் போன்ல இருக்கிறவங்கள்ல அதே ஆப் வெச்சிருக்கிற அத்தனை பேருக்கும் 'இப்போது கேட்கிறார்'னு என் பேரைப் போட்டுக் காட்டியிருக்கான். ஆபீஸ் மேனேஜர் உட்பட!

சாட்ல முதல்ல ரோபோ. கத்திக் கத்தி மனுஷன் வந்தா, "அது ஃபீச்சர் மேடம், செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணிக்கலாமே." 1,499-ஐத் திருப்பிக் குடுன்னா, "வருடச் சந்தாவுக்கு ரீஃபண்ட் இல்லை மேடம்." கணக்கையாவது அழின்னா, ஆதார் போட்டோ அனுப்பணுமாம். சேரும்போது கேக்காத ஆதார் போகும்போது எதுக்கு? 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல, சம்மதம் குடுக்கிறது எவ்வளவு சுலபமோ, திரும்ப வாங்கிக்கிறதும் அவ்வளவு சுலபமா இருக்கணும்னு எழுதியிருக்குன்னேன். "நோட் பண்ணிக்கிட்டேன் மேடம்." மறுநாள் மெயில்: 'உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது, எங்களுக்கு ஐந்து நட்சத்திரம் தாருங்கள்'.

விளக்கமா சொல்ல இப்போ பொறுமை இல்ல, இதை மட்டும் பாருங்க. ப்ளே ஸ்டோர்ல இருக்கிற 'டேட்டா சேஃப்டி' பகுதி கம்பெனிக்காரனே நிரப்பிக் குடுக்கிறது, அதை நம்பிப் பணம் கட்டாதீங்க. பாட்டு ஓட காண்டாக்ட்ஸும் வேண்டாம், லொகேஷனும் வேண்டாம். கட்டுறதுக்கு முன்னாடியே கணக்கை அழிக்கிற வழி எங்க இருக்குன்னு தேடுங்க. ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணினா ஆட்டோபே நிக்காது, யூபிஐ ஆப்புக்குள்ள போய் நிறுத்தணும். இல்லைன்னா அடுத்த வருஷமும் 1,499.

நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் குடுத்தாச்சு. ஆதார் அனுப்பாம இந்த மாதிரி ஆப்ல கணக்கை அழிச்சவங்க யாராவது இருந்தா, எப்படின்னு சொல்லுங்க.