ஒரே ஐபி, மூன்று சேர்வர்: எஞ்சின்எக்ஸ் ப்ரொக்ஸி மனேஜர் எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே ஐபிக்கு (இணைய விலாசத்துக்கு) வருபவர்களைச் சரியான சேர்வருக்குப் பிரித்து அனுப்பும் எஞ்சின்எக்ஸ் ப்ரொக்ஸி மனேஜர் நல்ல சாமான், இலவசம், சின்ன ஒஃபிஸுக்குப் போதும். ஆனால் "எல்லாவற்றையும் இது பார்த்துக்கொள்ளும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெப் தளங்களை மட்டும் பார்த்துக்கொள்ளும். மற்றதெல்லாம் இன்னும் உங்கள் தலையில்தான்.

நான் கணினி வேலை பார்த்துக் கொடுக்கும் இடங்களில் ஒன்று வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு கணக்காய்வு ஒஃபிஸ். அங்கே மூன்று சேர்வர்கள். சேர்வர் என்றதும் குளிரூட்டிய அறை, ரேக் என்று நினைக்க வேண்டாம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிய மூன்று மினி பிசிக்கள், ஃபோட்டோகொப்பி மெஷினுக்குப் பக்கத்து அலுமாரிக்குள். ஒன்றில் ஒடூ என்ற வணிக மென்பொருள், அதில்தான் கணக்கு முழுக்க. ஒன்றில் நெக்ஸ்ட்கிளவுட், வாடிக்கையாளர் கோப்புகளுக்கு. மூன்றாவதில் புதிதாகச் செய்துகொண்டிருக்கும் போர்ட்டலின் சோதனைப் பதிப்பு. இவ்வளவுக்கும் ஒரு பைபர் இணைப்பு, அதற்கு மாதாமாதம் தனிக் காசு கட்டும் ஒரு நிலையான பப்ளிக் ஐபி, அதாவது வெளியிலிருந்து நேரே வந்து சேரக்கூடிய மாறாத விலாசம்.

இன்னொரு ஐபி வாங்கினால் என்ன என்று முதலாளி ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஐபிவி4 என்ற இந்த விலாச முறை 32 பிட், மொத்தமே சுமார் 430 கோடி விலாசங்கள். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்துவிட்டது. நம் ஆசிய பசிபிக் பகுதிக்குப் பொறுப்பான ஏப்னிக், அதே ஆண்டு ஏப்ரலில் கடைசித் துண்டில் கைவைத்து ரேஷன் கொடுக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு சின்ன இடங்களுக்கு இரண்டாவது ஐபி என்பது காசு மட்டுமல்ல, அலைச்சலும்கூட. மூன்று தளத்துக்காக அந்த அலைச்சல் தேவையே இல்லை.

ப்ரொக்ஸி வருவதற்கு முன்பு அங்கே எல்லாம் போர்ட் ஃபோர்வர்டிங்தான்: போர்ட் என்பது கதவு இலக்கம் மாதிரி, ஒவ்வொரு இலக்கத்துக்கு வருவதையும் ரவுட்டர் உள்ளே ஒரு மெஷினுக்குத் தள்ளும். ஒடூவுக்கு 8443, நெக்ஸ்ட்கிளவுடுக்கு 8444 என்று விலாசத்தின் வாலில் எண் ஒட்டியிருக்கும். வீட்டிலிருந்து திறந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் வாடிக்கையாளர்களில் பலர் வங்கி, ஏற்றுமதிக் கம்பனி போன்ற இடங்களில் இருந்து திறப்பவர்கள். அந்த ஒஃபிஸ்களின் ஃபயர்வோல் 80, 443 தவிர வேறு போர்ட்டை வெளியே விடாது. "உங்கட லிங்க் வேலை செய்யுதில்ல" என்று ஃபோன் வரும். சேர்வர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆக, எல்லாமே 443 வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். ஒரு போர்ட்டை ரவுட்டர் ஒரு மெஷினுக்குத்தான் தள்ளும். அந்த ஒரு மெஷின்தான் ரிவர்ஸ் ப்ரொக்ஸி. காலி வீதியில் ஒரு ஃபிளாட் கட்டடம்; எல்லா வீட்டுக்கும் வீதி இலக்கம் ஒன்றுதான்; கீழே இருக்கும் செக்யூரிட்டி ஐயா "யாரைப் பார்க்க வந்தீங்கள்?" என்று பெயரைக் கேட்டு மேலே அனுப்புவார். அதே வேலைதான் இது. பெயர் அவருக்கு எப்படித் தெரியும் என்றால், பிரவுசரே சொல்லிவிடும். பிரவுசரும் சேர்வரும் கதைக்கும் முறைதான் எச்டிடிபி; 1997இல் வந்த அதன் 1.1 பதிப்பு முதல், எந்தத் தளம் வேண்டும் என்ற பெயரை ஒவ்வொரு கோரிக்கையோடும் அனுப்பியே ஆக வேண்டும். அதன் பாதுகாப்பான வடிவமான எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் சிக்கல் இருந்தது. தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ்களில் எதைக் காட்டுவது என்பது, பெயர் தெரிவதற்கு முன்பே முடிவாக வேண்டும். 2003இல் எஸ்என்ஐ என்ற ஏற்பாடு வந்து அதைத் தீர்த்தது: இணைப்புத் தொடங்கும் கைகுலுக்கலின் முதல் செய்தியிலேயே பெயர் போய்விடும். விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு இது தெரியாது. புறக்கோட்டையில் எந்தக் கடையின் பின்னறையிலாவது அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் மன்னிக்கவும், அவர்களுக்கு வழியில்லை.

சரி, சாமானுக்கு வருவோம். உள்ளே இருப்பது 2004 முதல் வெளியில் இருக்கும் எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சேர்வர் மென்பொருள்தான். அதற்கு மேலே ஒரு திரையைப் போட்டு, டொக்கரில் (மென்பொருளை கொன்டெய்னர் என்ற பெட்டிக்குள் வைத்து ஓட்டும் ஏற்பாடு) அடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். டொக்கர் தெரிந்தவருக்கு ஒரு சின்னக் கோப்பு, ஒரு கட்டளை. 80, 443 இரண்டையும் ரவுட்டரில் இந்த மெஷினுக்குத் திருப்பிவிட வேண்டும். நிர்வாகத் திரை 81இல் இருக்கிறது. அதைத் தயவுசெய்து வெளியே திறக்காதீர்கள். பழைய பதிப்புகளின் ஆரம்பப் பாஸ்வேர்ட் எல்லா ஊருக்கும் தெரிந்த ஒன்று.

புதுத் தளம் சேர்ப்பதுதான் இதன் அழகு. ஒரு சின்னப் பெட்டி திறக்கும். மேலே டொமைன் பெயர், கீழே உள்ளே இருக்கும் மெஷினின் விலாசம், எங்களுடைய ஒடூவுக்கு 192.168.10.21, போர்ட் 8069. வெப்சொக்கெட் (உடனடிச் செய்திகளுக்கான திறந்தே இருக்கும் இணைப்பு) என்ற பொத்தானைத் தட்டி விட வேண்டும். அடுத்த தாவலில் "புதுச் சான்றிதழ்" என்று தெரிவுசெய்து சேமித்தால், இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கும் லெட்ஸ் என்கிரிப்டோடு அதுவே கதைத்து முடித்துவிடும். கொஞ்ச நேரத்தில் பூட்டுச் சின்னத்தோடு தளம் திறக்கிறது. சான்றிதழ் 90 நாளுக்கானது. புதுப்பிப்பதையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. போர்ட் 80ஐ மூடி வைத்துவிட்டு "சான்றிதழ் வருகுதில்லை" என்று அழுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சாதாரண முறையில் லெட்ஸ் என்கிரிப்ட் வந்து கதவைத் தட்டிப் பார்ப்பது 80இல்தான்.

ஆனால் பெட்டியை நிரப்பியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட முடியாது. பின்னால் இருக்கும் சேர்வருக்கும் "உனக்கு முன்னால் ஒருவர் நிற்கிறார்" என்று சொல்ல வேண்டும். ஒடூவில் அதன் கொன்ஃபிக் (அமைப்பு) கோப்பில் ப்ரொக்ஸி மோட் என்ற வரியை இயக்க வேண்டும். வேர்க்கர்களை (வேலையைப் பங்கிட்டுச் செய்யும் பல பிரதிகள்) போட்டு ஓட்டினால் உடனடிச் செய்திகள் 8072 என்ற வேறு போர்ட்டில் இருக்கும். பதிப்பு 16இலிருந்து வெப்சொக்கெட் என்ற பாதையை மட்டும் தனியாக அங்கே திருப்ப வேண்டும், அதற்குத் தனித் தாவல் இருக்கிறது. இதைச் செய்யாவிட்டால் கணக்கு திறக்கும், அறிவிப்புகள் மட்டும் வராது. ஏன் என்று யாருக்கும் விளங்காது.

நெக்ஸ்ட்கிளவுட் இன்னும் சுவாரசியம். ப்ரொக்ஸி வழியாக வரும்போது அதற்கு எல்லாரும் ஒரே ஐபியிலிருந்து, அதாவது ப்ரொக்ஸியின் ஐபியிலிருந்து, வருவதுபோலத் தெரியும். நம்பகமான ப்ரொக்ஸி இது என்று அதன் கொன்ஃபிக்கில் எழுதி வைக்காவிட்டால், யாரோ ஒருவர் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் பிழையாக அடித்ததற்கு ஒஃபிஸ் முழுக்கத் தண்டனை: எல்லாருடைய லொகினையும் மெதுவாக்கிவிடும். பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு, தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. பாவம், அதற்கு ஆளை அடையாளம் தெரியவில்லை.

எனக்குப் பிடிக்காத ஒன்று: பட்டியலில் ஒவ்வொரு தளத்துக்கும் எதிரே பச்சைப் புள்ளியோடு "ஒன்லைன்" என்று காட்டும். அந்தப் பச்சைக்கு, எஞ்சின்எக்ஸ் கொன்ஃபிக் பிழையில்லாமல் ஏறியது என்று மட்டும்தான் பொருள். பின்னால் இருக்கும் மெஷினின் வயரையே பிடுங்கிவிடுங்கள், புள்ளி பச்சையாகவே இருக்கும். தளத்தைத் திறந்தால் 502, அதாவது பின்னால் இருக்கும் சேர்வரிடமிருந்து சரியான பதில் இல்லை என்ற பிழை. திரையைப் பார்த்துப் பழகிய யாரும் அதைச் சேர்வரின் நலம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கண்காணிப்புக்கு வேறு ஏதாவது தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தச் சோதனைத் தளம். பெயரை யாருக்கும் சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு பலருக்கு உண்டு. சான்றிதழ் கொடுத்த உடனே அந்தப் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ரோபோக்கள் வந்து தட்ட ஆரம்பிக்கும். பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வழியாகச் சரிபார்த்து, எல்லாத் துணைப் பெயருக்கும் பொதுவான ஒரே சான்றிதழ் எடுத்தால் தனிப் பெயர் வெளியே வராது. அதோடு அக்ஸஸ் லிஸ்ட் போட்டு, பெயரும் பாஸ்வேர்டும் கேட்க வைக்கலாம். இந்த இரண்டையும் திரையிலேயே செய்ய முடிவது உண்மையில் பெரிய வசதி.

இனி, இது போட்ட இடமெல்லாம் வரும் முறைப்பாடு. கணக்குப் பார்க்கும் அக்கா சொன்ன மாதிரியே எழுதுகிறேன்: "வீட்ட ஃபோனில வருது தம்பி, இங்க ஒஃபிஸுக்குள்ள இருந்துதான் வரமாட்டனெண்டுது." ப்ரொக்ஸியில் ஒரு பிழையும் இல்லை. உள்ளே இருந்து கேட்கும்போதும் டிஎன்எஸ் வெளி ஐபியைத்தான் சொல்கிறது. கோரிக்கை ரவுட்டர் வரை போய், திரும்பி உள்ளே வரத் தெரியாமல் நிற்கிறது. அதை உள்ளேயே திருப்பி அனுப்ப ரவுட்டரில் ஹெயார்பின் நட் என்ற விதியைப் போடலாம். நான் போடுவதில்லை, போட்டால் உள்ளே இருந்து வரும் எல்லாரும் சேர்வரின் வருகைப் பதிவில் (லொக்) ரவுட்டரின் ஐபியாகத் தெரிவார்கள். அங்கே இருப்பது மைக்ரோடிக் ரவுட்டர். அதன் டிஎன்எஸ்ஸில் அந்த மூன்று பெயருக்கும் ப்ரொக்ஸியின் உள் விலாசத்தை நிரந்தரமாக எழுதிவிட்டால் போதும். அக்காவின் திரை உடனே வந்தது, வேகமாகவும் வந்தது.

வெப் அல்லாத விஷயங்கள்தான் இதன் எல்லை. தூரத்திலிருந்து சேர்வருக்குக் கட்டளை கொடுக்கும் எஸ்எஸ்எச்சில் "எனக்கு இந்தப் பெயருள்ள மெஷின் வேண்டும்" என்று சொல்லும் வழி கிடையாது. ஐபிக்கும் போர்ட்டுக்கும் வந்து நிற்கும், அவ்வளவுதான். ஸ்ட்ரீம் என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் 2201ஐ ஒரு மெஷினுக்கும் 2202ஐ இன்னொன்றுக்கும் தள்ளலாம். பழைய போர்ட் ஃபோர்வர்டிங்கேதான், திரை மட்டும் புதிது. நான் எஸ்எஸ்எச்சையும் ரிமோட் டெஸ்க்டொப்பையும் வெளியே திறப்பதே இல்லை. வயர்கார்ட் என்ற விபிஎன்னுக்கு (பாதுகாப்பான தனிவழி) ஒரு போர்ட், அதன் வழியாக உள்ளே வந்தபிறகு எந்த மெஷினுக்கும் போகலாம். மெயில் சேர்வர் வைக்க நினைப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். போர்ட் 25 ஒன்றுதான், ஐபியைக் கொண்டு தேடினால் கிடைக்கும் தலைகீழ்ப் பெயரும் வழக்கமாக ஒன்றுதான். நாங்கள் மெயிலை வெளியே காசு கொடுத்தே வைத்திருக்கிறோம்.

என் வீட்டில் இதைப் பாவிப்பதில்லை. அங்கே கெடி (Caddy) என்ற இன்னொரு ப்ரொக்ஸி. ஒரு தளத்துக்கு மூன்று வரி எழுதினால் சான்றிதழ் உட்பட எல்லாம் தானாக நடக்கிறது; கொன்ஃபிக் ஒரே கோப்பு, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் (Git) போட்டு வைக்கலாம். திறமையாகப் பார்த்தால் எனக்கு அதுதான் ஒரு படி மேல். ஆனால் ஒஃபிஸில் நான் இல்லாத நாளில், அங்கே இருக்கும் தம்பி ஒரு தளத்தின் ஐபியை மாற்ற வேண்டி வந்தால், அவருக்குக் கறுப்புத் திரையைவிட இந்தப் பெட்டி நல்லது. அவர் மாற்றியும் இருக்கிறார், எனக்கு ஃபோன்கூட வரவில்லை. அதற்காகவே இதை அங்கே வைத்திருக்கிறேன்.

போட்டால் இரண்டைக் கவனியுங்கள். இந்த மெஷின் விழுந்தால் மூன்று தளமும் சேர்ந்து போகும், ஆகவே யூபிஎஸ்ஸில் முதல் இடம் ரவுட்டருக்கும் இதற்கும்தான். டேட்டா, லெட்ஸ்என்கிரிப்ட் என்ற இரண்டு கோப்புறைகளையும் ஒவ்வொரு இரவும் வேறு மெஷினுக்குப் பிரதி எடுங்கள். புது மெஷினில் அவற்றை வைத்துக் கொன்டெய்னரை ஏற்றினால் எல்லாம் பழையபடி வந்துவிடும்.

வீட்டு இணைப்பில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: முதலில் ரவுட்டரின் வெளிப்பக்க ஐபியைப் பாருங்கள். அது 100.64இலிருந்து 100.127க்குள் தொடங்கினால், உங்களுக்குச் சொந்தமாகப் பப்ளிக் ஐபியே இல்லை, ஒரு கூட்டத்தோடு பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து ஒருவரும் வந்து சேர மாட்டார்கள். நிலையான ஐபி தருவார்களா என்று இணைப்புக் கொடுத்தவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் சிங்கப்பூரிலோ பெங்களூரிலோ ஒரு சின்ன விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கும் சேர்வர்) எடுத்து, இந்த ப்ரொக்ஸியை அங்கே வைத்து, வீட்டுக்கு வயர்கார்ட் இழுங்கள்.