வழியில் கார் நின்றால் நாய் எங்கே: காருக்குள்ளா, இழுவை வண்டியின் கேபினிலா?

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் கார் நின்றுவிட்டது, நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழைத்தாயிற்று, இழுவை வண்டியும் வரப்போகிறது. சரி, கூட வந்த நாயை எதில் ஏற்றுவது?

காரிலேயே விட்டுவிடலாம் என்றுதான் பலருக்கும் தோன்றும். பழகிய இருக்கை, பழகிய வாசனை. அந்நியரைக் கண்டால் மிரளும் நாய்க்கு அது ஆறுதல்தான். ஆனால் இன்ஜின் ஓடாத காரில் ஏசி கிடையாது. வெயிலில் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாலும் பெரிய பயனில்லை. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் சிரமம். முன்சக்கரத்தைத் தூக்கி இழுத்தால் கார் வழிநெடுகச் சாய்ந்தே வரும். உள்ளே நாய் தவித்தாலும் பார்க்க ஆளில்லை.

கேபினில் இடம் குறைவு, சத்தமும் அதிகம். கியர் பக்கம் போகாதபடி காலடியில் கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் சம்மதிக்கவும் வேண்டும், அதனால் அழைக்கும்போதே நாய் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். ஆனால் அது உங்கள் கண்முன்னே இருக்கும், தண்ணீர் கொடுக்கலாம்.

என் ஓட்டு கேபினுக்குத்தான். ஓட்டுநர் மறுத்தால், நாயை ஏற்றச் சம்மதிக்கும் டாக்சியில் பின்னால் போங்கள். அதுவரை சாலைத் தடுப்புக்கு வெளியே, நிழலில், கயிற்றை விடாமல் நில்லுங்கள்.