பழைய கார் வாங்குவோர் கவனத்துக்கு: பாலிசியில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்

கடந்த ஆண்டு பழைய கார் விற்பனையாளர் ஒருவரிடம் கார் வாங்கியபோது, ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கும் இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கும் சேர்த்து அவர் தனியாகப் பணம் பெற்றுக்கொண்டார். சில வாரங்களில் என் பெயரில் ஆர்.சி. வந்தது. கூடவே பிளாஸ்டிக் உறையில் பாலிசியைக் கொடுத்து, "இன்னும் ஏழு மாதம் இருக்கிறது சார்" என்றார். முடிவுத் தேதியைப் பார்த்த நான், அதே பக்கத்தில் முந்தைய உரிமையாளரின் பெயரே இருந்ததைக் கவனிக்கவில்லை. காவலர்கள் சோதனையிட்டபோதும் எந்தச் சிக்கலும் வரவில்லை. வாகன விவரங்களைக் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியும் காப்பீடு நடப்பில் இருப்பதாகவே காட்டியது.

மூன்றாம் மாதம் மழையில் கார் சறுக்கித் தடுப்புச் சுவரில் மோதி, முன்பகுதி நசுங்கியது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்துச் சென்ற பிறகு, பாலிசி வைத்திருப்பவருக்கு இப்போது கார் சொந்தமில்லை, கார் வைத்திருக்கும் எனக்குப் பாலிசி இல்லை என்று கூறி காப்பீட்டு நிறுவனம் என் கிளெய்மை நிராகரித்துவிட்டது.

சட்டமும் நிறுவனத்தின் பக்கமே இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆவது பிரிவு, வண்டி கைமாறினால் காப்பீடும் மாறியதாகக் கருதப்படும் என்கிறது. ஆனால் அது மூன்றாம் நபருக்கு நேரும் பாதிப்புக்கு மட்டுமே பொருந்தும், சொந்த வண்டியின் சேதத்துக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற, வாங்கியவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

விற்பனையாளர் ஏன் பாலிசியில் பெயரை மாற்றவில்லை என்பது பிறகே புரிந்தது. முந்தைய உரிமையாளர் பல ஆண்டுகள் கிளெய்ம் கேட்காததால் அவருக்கு நோ கிளெய்ம் போனஸ் என்னும் 50 சதவீத பிரீமியச் சலுகை இருந்தது. அந்தச் சலுகை ஆளுக்கு உரியது, காருக்கு அல்ல. பெயரை மாற்றினால் மீதிக் காலத்துக்கான வித்தியாசத் தொகையைக் கட்ட வேண்டும். அதைக் கட்டாமல், என்னிடம் வாங்கிய பணத்தையும் அவர் வைத்துக்கொண்டார்.

பழைய கார் வாங்குகிறவர்கள் இந்த வேலையை யாரிடமும் ஒப்படைக்காமல், உரிமை மாற்றத்துக்காக விற்றவர் கையெழுத்திட்ட 29, 30ஆம் எண் படிவங்களின் நகலோடும் பழைய பாலிசியோடும் காப்பீட்டு நிறுவனத்துக்கு நேரில் சென்று, உங்கள் பெயர் அச்சிட்ட தாளைக் கையில் வாங்கிய பிறகே வண்டியை எடுங்கள். நான் நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளித்திருக்கிறேன். 'இன்சூரன்ஸ் பெயர் மாற்றம் உட்பட' என்று விற்பனையாளர் தன் கையால் எழுதிக் கொடுத்த ரசீதுதான் இப்போது என்னிடம் உள்ள ஒரே சான்று.